நன்னியின் தாலாட்டு

எங்கள் நன்னி பாடும் தாலாட்டு எந்த ஏட்டிலும் எழுதப்படாதது. பெருமானார் (ஸல்) அவர்களின் இளமையை, ஹலீமா நாயகியார் பாலூட்டிய நாள் முதலாகச் சொல்லிச் செல்லும் நெடும்பாட்டு. தம் தாயாரிடம் செவிவழியாகப் பெற்றது. நன்னிக்கு வயது எண்பத்தாறு. பாட்டும் அவரோடு போய்விடலாகாதே என்ற கவலையில்தான் ஒலிப்பதிவுக் கருவிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

திருச்செங்கோட்டில் அமைதி கிடைப்பது அரிது. தெருவுக்குத் தெரு விசைத்தறி. சாலைக்கு வந்தால் ரிக் வண்டிகளின் இரைச்சல். ஆகவே மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளொன்றைத் தேர்ந்தோம். தறிகள் ஓய்ந்தன. மடிக்கணினி தன் பேட்டரியில் இயங்கிற்று. ஆடியோ இன்டர்ஃபேஸ் அதனிடமிருந்தே மின்சாரம் பெற்றுக்கொண்டது. மிக்ஸருக்கு மட்டும் வீட்டு இன்வெர்ட்டர் துணை.

ஒலியைக் கணினி அறியும் எண்களாக மாற்றித் தருவது இன்டர்ஃபேஸ். என்னுடையதில் இரண்டு மைக்குகளுக்கே இடமுண்டு. நன்னிக்கு ஒன்று, பல்லவியை மட்டும் உடன் பாடும் பெரியம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் ஒவ்வொன்று என எனக்குத் தேவைப்பட்டவை மூன்று. மூன்றையும் சிறு மிக்ஸரில் சேர்த்து, அதன் இடம், வலம் ஆகிய இரு வெளியீடுகளை இன்டர்ஃபேஸில் செருகினேன். பிழை அங்கேதான் நேர்ந்தது.

இன்டர்ஃபேஸின் முகப்புத் துளை இருவகைச் செருகிகளையும் ஏற்கும். மூன்று ஊசிகள் கொண்ட எக்ஸ்எல்ஆர் செருகியை மாட்டினால், மைக்குக்கென அமைந்த பெருக்கி வழியாகவே ஒலி செல்லும். மைக் தருவது சில மில்லிவோல்ட். மிக்ஸரிலிருந்து வரும் லைன் அளவோ ஏறத்தாழ 1.23 வோல்ட். செம்புத் தண்ணீருக்கு வைத்த புனலில் மதகைத் திறந்துவிட்டது போலாயிற்று. கால் அங்குல டிஆர்எஸ் செருகியை மாட்டி, ‘லைன்’ என்ற நிலையில் வைத்திருக்க வேண்டும். இன்டர்ஃபேஸிலுள்ள 48 வோல்ட் பொத்தானும் அணைந்திருக்க வேண்டும். இல்லையேல் எக்ஸ்எல்ஆர் செருகி வழியே அம்மின்சாரம் மிக்ஸரின் வெளியீட்டுக்குள் ஏறிவிடும்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் பார்க்கவில்லை. காதுக்கருவியை மிக்ஸரில் மாட்டியிருந்தேன். அங்கே குரல் பழுதின்றிக் கேட்டது. கெடுவதோ அதற்கு அடுத்த இடத்தில்! கடைசிக் கருவியிலிருந்து கேட்க வேண்டும் என்பது அன்று எனக்குத் தெரியாது.

1902-இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காகக் கௌஹர் ஜான் பாடியபோது மைக்கும் இல்லை, மிக்ஸரும் இல்லை, ஒரு கூம்புக்குழல்தான். குரல் உச்சத்துக்கு ஏறுகையில் பாடுபவர் சற்றே பின்வாங்கிக் கொள்வது அக்காலத்து வழக்கம். எங்கள் நன்னியோ உருக்கம் மிகும் இடங்களில் மைக்கை நோக்கிக் குனிந்தார்.

அடுத்த மின்தடை நாளில் மீண்டும் அமர்ந்தோம். “ஒருதரம் பாடியாச்சே கண்ணு, மறுபடியும் எதுக்கு?” என்றவரைச் சின்னம்மாதான் இணங்க வைத்தார். மிக்ஸரில் கலந்த குரல்களைப் பின்னர் பிரித்தெடுத்தல் எளிதன்று. ஆகையால் நன்னியின் குரலை முற்றிலும் இடப்பக்கமும், மற்ற இருவர் குரலை வலப்பக்கமும் திருப்பிவிட்டேன். இரண்டும் தனித்தனித் தடங்களாய்ப் பதிந்தன. பச்சை விளக்கு மட்டுமே மினுங்கியது. அல்ஹம்துலில்லாஹ், அப்பழுக்கற்ற பதிவு.

ஆனால் நடுவே இரண்டு கண்ணிகளை நன்னி பாடவில்லை. விட்டுப்போனது அவருக்கே தெரியவில்லை.

அவ்விரண்டும் முதற்பதிவில் மட்டுமே உள்ளன. அளவு மீறிய இடங்களில் ஒலியலையின் முகடுகள் வெட்டுண்டு, குரல் கிழிந்த துணிபோல் கரகரக்கிறது. மென்பொருள் அந்த வெட்டை நிரவித் தருகிறது. நிரவியது கணினியின் ஊகமேயன்றி அவர் குரலன்று. நன்னியிடம் போட்டுக் காட்டினோம். நெடுநேரம் கேட்டிருந்துவிட்டு, “இது நான் பாடினதா கண்ணு?” என்றார்.

இப்பொழுது அஸர் தொழுகைக்குப் பின் சின்னம்மா காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, அந்தக் கரகரப்புக்கிடையே சொற்களைப் பிரித்தெடுத்து நோட்டில் எழுதி வருகிறார். மூன்று சொற்கள் இன்னும் பிடிபடவில்லை.