சேலத்தில் ‘பழசு’தான் புதுசு!

கெங்கவல்லியில் பஸ் ஏறி ஆத்தூர், வாழப்பாடி தாண்டினால் சேலம் புதிய பஸ் ஸ்டாண்டு. பெயரில்தான் புதுசு, வயது இருபதுக்கு மேல். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ‘பழைய’ பஸ் ஸ்டாண்டு போங்கள். அதுதான் புத்தம்புதுசு!

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, ஈரடுக்குப் பேருந்து நிலையம் கட்டி 2023 ஜூனில் திறந்தார்கள். கீழேயும் பஸ், சாய்தளம் ஏறி மாடியிலும் பஸ். நெரிசலான டவுனில் அக்கம்பக்கம் இடம் ஏது? மேலே போவதுதான் வழி. நிழலும் தாராளம்.

ஆனால், என் அம்மாயியின் சேலம் தரையில் இருக்கிறது. கோட்டை மாரியம்மனைக் கும்பிட்டு, சின்னக்கடை வீதியில் வளையலும் மஞ்சளும் வாங்கி, நடந்தே வந்து பஸ் ஏறுவது அவர் வழக்கம். கோயிலும் வீதியும் அதே இடத்தில்தான். திரும்பி வந்ததும் அண்ணாந்து பார்த்து நின்றுவிட்டார்.

“நம்ம பஸ்ஸு மேலயா, கீழயா கண்ணு?”

பூக்காரம்மா மேலே கை காட்டினார். முட்டியைப் பிடித்துக்கொண்டே ஏறினார் அம்மாயி. நீங்கள் பெரியவர்களோடு போனால், இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

ஊர் திரும்பியதும் திண்ணையில் அம்மாயி சொன்ன முதல் சேதி: “மாடியில போயி பஸ் ஏறுனேன்டி!”