ஆணி பிடுங்கிய சுவர்

திங்கள்

படங்களை இறக்கி ஒட்டடை அடித்த பிறகுதான் கும்பகோணத்து வீட்டுச் சுவரின் யோக்கியதை தெரிந்தது. சாமி பட ஆணிகள், கொசுவலைக் கொக்கிகள், ரேடியோப் பலகையைத் தாங்கிய முளைகள், பழைய வயரிங் ரீப்பரைப் பிடித்திருந்த மரக்கட்டைகள். தங்கை மகள் குடிவரப் போகிறாள். அதற்குள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும்.

பெயிண்டர் வந்து பார்த்தார். "பட்டி வச்சு இழுத்துட்டா எல்லாம் ஒண்ணாயிடும் சார்" என்றார். கையில் பட்டி பிளேடு இருப்பவருக்கு எல்லாக் குழியும் ஒரே குழிதான். சிமெண்ட் பட்டியை இரண்டு பூச்சும் சேர்ந்து 1.5 மில்லிமீட்டருக்கு மேல் போடக் கூடாது, மூட்டையிலேயே அச்சடித்திருப்பார்கள். விரல் நுழைகிற ஆழத்தில் அதை அப்பினால் மேல்தோல் முதலில் காயும். உள்ளே இருப்பது பிறகு சுருங்கும். வர்ணம் அடித்த மறுமாதமே வட்டமாக ஒரு விரிசல்.

செவ்வாய்

இளவயதில் கோயில் திருப்பணிகளில் சுண்ணாம்பு வேலை பார்த்த கொத்தனார் ஒருவரைப் பிடித்தேன். எழுபது தாண்டியவர். விரல் முட்டியால் ஒவ்வொரு சுவராகத் தட்டிக்கொண்டே போனார். முன்கட்டு தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர். பின்னறையும் குளியலறையும் எண்பதுகளில் சிமெண்டில் எடுத்தவை. "ரெண்டுக்கும் ஒரே கலவை போடப்படாது தம்பி" என்றார்.

காரணம் ஓதம். ஆற்றங்கரை மண்ணிலிருந்து ஈரம் பழைய சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அதை மெல்ல வெளியே விட்டுவிடும். நடுவில் ஒரு சிமெண்ட் கட்டி உட்கார்ந்தால் ஈரம் அதைச் சுற்றிக்கொண்டு போய், விளிம்பில் உப்புப் பூத்து, பூச்சைப் பொரிய வைக்கும். எங்கள் அடுக்களையிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. யாரோ எப்போதோ சிமெண்டால் அடைத்த சின்னத் துளையைச் சுற்றி இப்போது ஒரு தட்டு அகலத்துக்குச் சுவர் உதிர்ந்து நிற்கிறது.

பெயிண்டர் விடவில்லை, பி.ஓ.பி. போடலாம் என்றார். ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரியில் சுட்டு, அதிலுள்ள நீரில் முக்கால் பங்கைப் போக்கி எடுக்கும் மாவு அது. தண்ணீர் பட்டால் அரை மணிக்குள் இறுகும், வேலை சுளுவு. மேல்கூரைக்குச் சரி. ஓதம் ஏறும் சுவரில் மறுபடி ஈரம் குடித்து இளகிவிடும். வேண்டாமென்றேன். முகம் சுருங்கியது.

புதன்

மரக்கட்டைகளைப் பிடுங்கும் படலம். அந்தக் கால எலக்ட்ரீஷியன்கள் கெட்டிக்காரர்கள். கட்டையை ஒரு பக்கம் அகலமாகச் சீவி, அகலப் பக்கம் உள்ளே போகும்படி பதித்துச் சுற்றிலும் பூசியிருக்கிறார்கள். ஆணியோடு சேர்த்து இழுத்தாலும் வராது. உளியால் நெடுக்குவாட்டில் பிளந்து, சில்லுச் சில்லாகத்தான் எடுக்க முடிந்தது. இரண்டு கட்டைகளைக் கரையான் அரித்திருந்தது. அவை தொட்டதும் உதிர்ந்தன.

கட்டை விட்டுப்போன வடிவம்தான் அடைப்புக்கும் தேவையாம். "குடம் மாதிரி இருக்கணும். வாய் சிறுசு, வயிறு பெருசு" என்றார் கொத்தனார். வெறும் ஆணி ஓட்டைகளைக்கூட உட்பக்கம் குடைந்து பெரிதாக்கினார். அடைக்கப்போகும் ஓட்டையை முதலில் பெரிதாக்குவதைப் பார்த்தால் யாருக்கும் பதறும். ஆனால் தளர்ந்த விளிம்பின் மேல் எதை வைத்தாலும் அந்த விளிம்போடு சேர்ந்தே விழும்.

பிறகு தூசியை பிரஷ்ஷால் தட்டி, தண்ணீர் தெளித்தார். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். காய்ந்த செங்கல் கலவையின் நீரை உறிஞ்சிவிட்டால் அது இறுகாமல் வெறும் மணலாகிவிடும். புளிக்கவைத்த கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் கொஞ்சம். ஆழமான குழிகளில் ஓட்டுச் சில்லுகளை அழுத்தி, விரல் கனத்துக்கு மேல் போகாமல் ஒரு பூச்சு, மிச்சம் நாளைக்கு. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. அவசரம் செல்லாது.

வெள்ளி

பின்னறை. இங்கே எல்லாம் டிரில் போட்டு அடித்த பிளாஸ்டிக் பிளக்குகள். சுவர் பிளக்குக்கு 1911-இல் காப்புரிமை வாங்கியவர் லண்டனைச் சேர்ந்த ஜான் ஜோசப் ராலிங்ஸ். நம் கடைகளில் 'ராவல் பிளக்' என்று கேட்பது அவர் பெயரைத்தான். முதலில் சணல் நாரால் செய்தார்கள். 1958-இல் ஜெர்மனியின் ஆர்டூர் ஃபிஷர் நைலானுக்கு மாற்றினார். ஸ்க்ரூ நுழைய நுழைய விரிந்து சுவரைக் கவ்வுவதுதான் அதன் சூட்சுமம், பிடுங்கும்போது தொல்லையும் அதுவே. பெரிய ஸ்க்ரூ ஒன்றை இரண்டு சுற்று ஏற்றிக் குறடால் இழுத்தோம். வராததை உள்ளே தள்ளிவிட்டோம். பூச்சு பெயர்வதற்கு அது எவ்வளவோ மேல்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் இருந்த குழிகளைத் தொடும்முன் மெயினை அணைக்கச் சொன்னேன். மறைவாகப் போகும் வயரிங் குழாய் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் போகும். ஆழத்துக்குச் சிமெண்ட் கலவை. அது காய்ந்தபின் பட்டி. இந்த அறையில் மட்டும் பெயிண்டர் சொன்னது செல்லுபடி. அவர் முகம் மலர்ந்தது.

ஞாயிறு, சில வாரங்கள் கழித்து

கூடத்துக்குச் சுண்ணாம்பு வெள்ளையே அடித்தாயிற்று; எமல்ஷன் அடித்தால் ஓதத்தின் வழியை நாமே அடைத்தது போலாகும். பின்னறையில் உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் கொடுத்து, மூலைக்கு மூலை முழுச் சுவரும் வர்ணம். ஒட்டுப்போட்ட இடத்தில் மட்டும் தடவினால் பக்கவாட்டு வெளிச்சத்தில் திட்டுத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும்.

தங்கை மகள் போனில், "பெரிய மாமா, டிவியை எந்தச் சுவத்துல மாட்டறது?" என்றாள். கொத்தனாரிடம் கேட்டேன். கூடத்தில் பூச்சே இரண்டு விரல் கனம், பிளக் அதைத் தாண்டிச் செங்கல்லுக்குள் உட்கார வேண்டும், டிரில்லை ஹாம்மரில் போட்டால் பூச்சு பாளமாகப் பெயரும் என்றார். டிவி பின்னறைக்குப் போகிறது.