எட்டரை மணிக் கணக்கு

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆண்டுதோறும் ஒரு முன்னறிவிப்பு தருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தென் தீபகற்பத்தில் பெய்யும் மழை நீண்டகாலச் சராசரியில் 88 முதல் 112 விழுக்காட்டுக்குள் இருந்தால் இயல்பு. அதற்கு மேலே போனால் அதிகம், கீழே போனால் குறைவு. தென் தீபகற்பம் என்றால் தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமா, தென் உள் கர்நாடகம் ஐந்தும் சேர்ந்தது. அந்த ஒரு வரியிலிருந்து சென்னை தரமணியில் எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்காவுக்கு என்ன சொல்ல முடியும் என்பதைத்தான் சில மழைக்காலங்களாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அவருடைய கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "நாளைக்குக் காலைல வண்டி போடலாமா, வேணாமா?"

எனக்குக் கற்றுத்தருபவர் வானிலை நிலையம் ஒன்றில் அளவீடு எடுப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்துத் தெருக்காரர். நான் சார் என்பேன், அவர் 'ம்மா' போட்டுப் பேசுவார். ஐரோப்பிய மாடல், அமெரிக்க மாடல் என்று போனில் வண்ண வண்ண வரைபடங்களை வைத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் அவற்றைக் கையில் வாங்கவே இல்லை. "பெய்ஞ்சது எவ்வளவுன்னு முதல்ல அளக்கக் கத்துக்கம்மா. பெய்யப் போறதை அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

அளப்பது சுலபமான வேலை என்றுதான் யாரும் நினைப்பார்கள். மழைமானி வைக்க இடம் தேடியபோதே அது அப்படியில்லை என்று தெரிந்தது. பக்கத்தில் ஒரு சுவரோ மரமோ இருந்தால், அதன் உயரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி மானி நிற்க வேண்டும். மொட்டை மாடி ஆகாது. கைப்பிடிச் சுவரில் மோதும் காற்று சுழன்று துளிகளை வேறு பக்கம் தள்ளிவிடும். தரமணியில் அப்படி வெறும் தரை எங்கே இருக்கிறது? கடைசியில் சார் வீட்டுக்குப் பின்னால் கட்டாமல் கிடந்த ஒரு மனையின் நடுவில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு வைத்தோம். விளிம்பு சாயாமல் இருக்கிறதா என்று சார் ரசமட்டம் வைத்துப் பார்த்தார்.

மானியின் வாய் 200 சதுர சென்டிமீட்டர். 20 மில்லிலிட்டர் தண்ணீர் சேர்ந்தால் 1 மில்லிமீட்டர் மழை. காலை எட்டரை மணிக்குத் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தண்ணீர் கண்ணாடி ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்திருக்கும். குழிவின் அடியைத்தான் படிக்க வேண்டும். மழை இல்லாவிட்டால் 0.0 என்று எழுத வேண்டும். கோடு போடக் கூடாது, கட்டத்தைக் காலியாகவும் விடக் கூடாது. காலியான கட்டத்தைப் பிறகு பார்ப்பவருக்கு, மழை பெய்யவில்லையா, ஆள் வரவில்லையா என்று எப்படித் தெரியும்?

எட்டரை மணிக்கு இந்தத் தொழிலில் தனி இடம் உண்டு. முந்தைய நாள் எட்டரையிலிருந்து இன்று எட்டரை வரை பெய்தது இன்றைய தேதியில் ஏறும். 7 சென்டிமீட்டரைத் தொட்டால் கனமழை, 12ஐத் தொட்டால் மிகக் கனமழை, 20ஐத் தாண்டினால் அதி கனமழை. 2015 டிசம்பர் 2ஆம் தேதிக் கணக்கில் தாம்பரத்துக்கு 49 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கும். அந்த மழையில் பெரும்பகுதி 1ஆம் தேதி பெய்தது. இதை அறியாமல் பழைய பதிவேடுகளைப் படித்தால் எந்தப் புயலும் ஒரு நாள் தள்ளித்தான் தெரியும்.

அளக்கக் கை பழகிய பிறகு சார் பழைய கணக்குகளைக் கையால் எழுதிப் பார்க்கச் சொன்னார். 1918 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1,088 மில்லிமீட்டர். 2015 நவம்பரில் 1,049. அடுத்த ஆண்டிலேயே தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. சராசரி 44 சென்டிமீட்டர் என்றால் 2016இல் கிடைத்தது 17கூட இல்லை. அந்த வறண்ட பருவத்தின் நடுவில்தான் டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் வந்து சென்னையின் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. பருவம் பொய்த்த ஆண்டிலும் ஒரு நாள் ஊரைப் புரட்டிப் போடலாம்.

பருவ முன்னறிவிப்பின் அடிப்படை பசிபிக் கடலில் இருக்கிறது. எல் நினோ ஆண்டுகளில் நமக்கு வடகிழக்குப் பருவமழை பொதுவாகக் கூடும், லா நினா ஆண்டுகளில் குறையும். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி கிழக்கைவிடச் சூடாக இருந்தால் அதுவும் நமக்குச் சாதகம். 2015 வலுவான எல் நினோ ஆண்டு. ஆனால் 2021 லா நினா ஆண்டு. அந்தப் பருவத்தில் தமிழ்நாட்டுக்குச் சராசரியைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதலாகப் பெய்தது. நவம்பர் 7ஆம் தேதிக் காலைக் கணக்கில் நுங்கம்பாக்கத்தில் மட்டும் 21 சென்டிமீட்டர். பசிபிக் கடல் சீட்டுகளைக் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்த்துக் கலைக்கிறது, எந்தச் சீட்டு வரும் என்று சொல்வதில்லை. ஆகையால் பருவ முன்னறிவிப்பைக் குறை சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். ஏரியில் தண்ணீர் தேக்குபவருக்கும் டெல்டாவில் விதை நெல் எடுத்து வைப்பவருக்கும் அது வேண்டும். தெருவுக்கான பதிலை அதில் தேடுவதுதான் பிழை.

தெருவுக்கான பதில் வங்கக் கடலில் இருக்கிறது என்பது, விந்தையாக, அமெரிக்காவின் பஃபலோ நகரத்தை வைத்துத்தான் எனக்குப் புரிந்தது. சித்தி மகன் அங்கே இருக்கிறான். 2022 நவம்பரில் அவன் வீட்டுக் கதவைத் திறக்க முடியாமல் பனி குவிந்து கிடந்த படத்தை அனுப்பினான். நகரத்தின் தெற்கே ஆர்ச்சர்ட் பார்க்கில் அந்த முறை 80 அங்குலப் பனி. ஆறடிக்கும் மேல். வடக்கே கொஞ்ச தூரத்தில் இருந்த அவன் நண்பர்கள் வீட்டில் அதில் சிறு பங்குகூட இல்லை. படத்தை சாரிடம் காட்டினேன். அவர் உட்காரச் சொல்லி, ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஈரி ஏரியை வரைந்தார்.

குளிர்காலத் தொடக்கத்தில் ஏரித் தண்ணீர் இன்னும் கோடையின் சூட்டை விடாமல் வைத்திருக்கும். கனடாப் பக்கத்திலிருந்து உறைகுளிர்க் காற்று அதன் மேல் வரும். தண்ணீருக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரக் காற்றுக்கும் 13 டிகிரி வித்தியாசம் இருந்தால் போதும், ஏரியிலிருந்து ஈரமும் வெப்பமும் பொங்கி எழுந்து மேகமாகும். ஈரி ஏரி மேற்கும் தெற்கும் கலந்த மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நீளவாக்கில் கிடக்கிறது. காற்று அந்த நீளத்திலேயே வந்தால் முழு ஏரியையும் உறிஞ்சிக்கொண்டு கிழக்கு முனையில் இருக்கும் பஃபலோவில் கொட்டும். காற்றின் திசை சில டிகிரி மாறினால் கொட்டும் இடம் அடுத்த ஊராகிவிடும். ஏரி உறைந்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும். அங்கே வானிலை அறிவிப்பவர் முதலில் பார்ப்பது காற்று எந்தத் திசையில் எவ்வளவு தூரம் தண்ணீர் மேல் வருகிறது என்பதைத்தான்.

"இதுல ஏரிய எடுத்துட்டு வங்கக் கடலைப் போடும்மா" என்றார் சார்.

எல்லாம் ஒன்றல்ல. நம் வாடைக் காற்று பனிக்காற்று இல்லை, வங்கக் கடல் உறைவதும் இல்லை. நவம்பர், டிசம்பரில் கடல்மேற்பரப்பு 27, 28 டிகிரியில் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. காற்றழுத்தத் தாழ்வும் கிழக்கிலிருந்து வரும் காற்றலைகளும் இல்லாமல் நமக்குப் பெருமழை கிடைப்பது அரிது. ஆனாலும் நிலத்திலிருந்து கிளம்பிய வறண்ட காற்று வெதுவெதுப்பான நீரின் மேல் நெடுந்தூரம் வந்து ஈரம் ஏறி, கரையில் வேகம் தடைபட்டுக் குவிந்து, ஒரு குறுகிய பட்டையில் கொட்டுவது இரண்டு இடத்திலும் நடக்கிறது. இதே காற்றுதான் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கத்துக்குப் பெரும்போக நெல்லுக்கான மழையைத் தருகிறது.

சென்னையில் இதோடு இரவும் சேர்ந்துகொள்கிறது. நள்ளிரவுக்குப் பிறகு தரை குளிர்ந்துவிடும். தரையிலிருந்து மெல்லிய காற்று கடலை நோக்கிப் போகும். கடலிலிருந்து வரும் வாடை அதை எதிர்கொள்ளும் இடத்தில், கரைக்குச் சற்று வெளியே, மேகம் வரிசை கட்டும். அதனால்தான் நம் கரையோர மழை பின்னிரவிலும் விடியலிலும் வலுக்கிறது. வெயில் ஏறினால் கரையோரத்தில் ஓய்ந்து உள் மாவட்டங்களுக்கு நகர்கிறது.

சார் எனக்குச் சொல்லித்தந்த முறை இது. இரவு படுக்கும் முன் மீனம்பாக்கத்தில் மாலை ஐந்தரை மணிக்கு விட்ட வானிலை பலூனின் கணக்கைப் பார்க்க வேண்டும். ஈரம் தரையை ஒட்டி மட்டும் இருக்கிறதா, நாலைந்து கிலோமீட்டர் உயரம் வரை இருக்கிறதா? மேலே வறண்டிருந்தால் மேகம் வளராது, தூறலோடு போய்விடும். மூன்று மணிக்கு எழுந்து மீனம்பாக்கத்தின் தரைக்காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ வந்தால் வரிசை கட்டும் வேலை நடக்கிறது. பிறகு ரேடார். துறைமுகத்து ரேடாரில் மகாபலிபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலுக்குள் ஒரு கோடு போல மேகம் தெரியும். அது எதை நோக்கி நகர்கிறது என்று படத்துக்குப் படம் வைத்துப் பார்க்க வேண்டும். காற்று கரையை ஒட்டியே வடக்கிலிருந்து தெற்காக அடித்தால் மேகங்கள் கரையை உரசிக்கொண்டு போகும். திருவான்மியூரும் நீலாங்கரையும் நனையும், தாம்பரம் காய்ந்திருக்கும். காற்று கிழக்கிலிருந்து அடித்தால் அவை நேராக உள்ளே வரும். அப்போது தரமணி, வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் அடுத்தடுத்து மாட்டும். ஒரு மேகம் கொட்டிய இடத்திலேயே அடுத்ததும் வந்து கொட்டினால் அந்த இடத்துக்குத்தான் எச்சரிக்கை சொல்ல வேண்டும்.

பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் இன்னொரு ரேடார் இருக்கிறது. நமக்கு மிகப் பக்கம், துல்லியமும் அதிகம். ஆனால் அது குறுகிய அலைநீளத்தில் வேலை செய்வது. கனமழைக்குள் அதன் கதிர் வலு இழந்துவிடும். மழை வலுவாக இருக்கும்போது அதன் பின்னால் வருவது மங்கித் தெரியும். படம் வெளுத்தது என்று மழை விடப்போகிறது எனச் சொல்லிவிடக் கூடாது, துறைமுக ரேடாரையோ ஸ்ரீஹரிகோட்டா ரேடாரையோ பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். சார் இதைச் சொன்ன அன்றிலிருந்து ஒரே படத்தை வைத்து நான் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

2021 டிசம்பர் 30 எங்கள் இருவருக்கும் பாடமாக நிற்கிற நாள். காலையில் மிதமான மழைதான் எதிர்பார்க்கப்பட்டது. கணினி மாடல்கள் பெரிதாக எதையும் காட்டவில்லை. மதியத்துக்கு மேல் கடலில் இருந்த மேகக் கூட்டம் உள்ளே வந்து நகரத்தின் மேலேயே நின்றுவிட்டது. எம்.ஆர்.சி. நகரில் 20 சென்டிமீட்டருக்கு மேல். அலுவலகம் விட்டவர்கள் மணிக்கணக்காகச் சாலையிலேயே சிக்கிக்கொண்டார்கள். உலக மாடல்கள் பத்துக் கிலோமீட்டர் அளவுக் கட்டங்களில் கணக்குப் போடுகின்றன. அந்த மழைப் பட்டையின் அகலமே அவ்வளவுதான். அப்படிப்பட்ட மழையை முந்தின நாளே தெருப் பெயரோடு சொல்ல இன்றைய அறிவியலால் முடியாது. இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் ரேடாரைப் பார்த்துச் சொல்ல முடியும். அந்த இரண்டு மணி நேரம் வீணாகக் கூடாது என்பதில் எனக்கு மிகுந்த பிடிவாதம் உண்டு. இரவுப் பணி முடிந்து தரமணி ரயில் நிலையத்துக்கு நடப்பவர்கள், கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்கள், மின்பெட்டிக்குப் பக்கத்தில் கடை போட்டிருப்பவர்கள் ஆகியோருக்கு அது போதுமான நேரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரிப் பக்கம் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறியது என்பதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஜனவரி வந்தால் கீழைக்காற்றில் ஈரம் குறைந்துவிடும், மழை இலங்கைக்குத் தெற்கே ஒதுங்கிவிடும். வானம் தெளிந்த இரவுகளில் ஊட்டி தலைகுந்தாவில் புல்லின் மேல் உறைபனி வெளுக்கும். தமிழ்நாட்டில் குளிர்காலம் காட்டும் வெண்மை அவ்வளவுதான். எங்கள் பதிவேட்டில் அடுத்தடுத்து 0.0 விழும்.

நான் இப்போது இஸ்திரி அக்காவுக்கு மூன்று விதமாகப் பதில் சொல்கிறேன். பருவத்தைப் பற்றிக் கேட்டால், கூடலாம் குறையலாம் என்று வாய்ப்பாக மட்டும். நாலைந்து நாள் முன்னால் கேட்டால், எந்த நாள் மோசம் என்று. மறுநாள் காலையைப் பற்றிக் கேட்டால், விடியலில் ரேடார் பார்த்துவிட்டு "பத்து மணிக்கு மேல போடுங்கக்கா" என்று. மூன்றாவது பதில்தான் அவருக்குப் பயன்படுகிறது. அதைச் சரிபார்க்க எனக்கு வேண்டியது அந்தந்தத் தெருவில் பெய்த அளவு.

நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும் மட்டும் சென்னை ஆகிவிடாது. துரைப்பாக்கம், வேளச்சேரி, பெருங்குடி, அடையாறு பக்கம் இருப்பவர்கள், வளாகத்தில் கொஞ்சம் திறந்த தரை இருந்தால், ஒரு மழைமானி வாங்கி வையுங்கள். காலை எட்டரைக்கு அளந்து தேதியோடு எழுதுங்கள். மழை இல்லாத நாளிலும் எழுதுங்கள். பத்து வருஷம் சேர்ந்தால், உங்கள் பகுதியில் எந்தக் காற்றுக்கு எவ்வளவு பெய்யும் என்று சொல்ல எங்களைப் போன்றவர்களுக்கு அதைவிட நல்ல ஆதாரம் வேறு கிடைக்காது.