நாளை வருபவருக்கும் பில்ட் ஆக வேண்டும்

ஹாஸ்கல் கற்று முதல் ப்ராஜெக்டைத் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், கபாலா, ஸ்டாக்கா, நிக்ஸா?" இந்த பில்ட் கருவிகளில் எது வேகம், எதை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள் என்றே பேச்சு போகும். நான் வேறொன்றைக் கேட்பேன். நீங்கள் வேலை மாறிப் போன பிறகு, உங்களைப் பார்த்தே இராத ஒருவர் புதிய கணினியில் இதைத் திறந்தால் பில்ட் ஆகுமா?

ஒரே உள்ளீட்டுக்கு என்றும் ஒரே விடை வரும் என்ற உறுதிக்காகத்தானே ஹாஸ்கல் போன்ற ஃபங்ஷனல் மொழியை விரும்பி எடுக்கிறோம்? நிரலில் அவ்வளவு ஒழுக்கம் பார்த்துவிட்டு, எந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பு வந்து சேரும் என்பதை மட்டும் அன்றைய அதிர்ஷ்டத்துக்கு விடலாமா?

1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக் என்ற பில்ட் கருவி, கோப்புகள் மாறிய நேரத்தைப் பார்த்து எதை மறுபடி கம்பைல் செய்வது என்று முடிவெடுத்தது. வெளியிலிருந்து வரும் லைப்ரரிகளின் பதிப்பைப் பார்ப்பது அதன் வேலையல்ல. ஹாஸ்கல்காரர்களுக்குப் பின்னாளில் வலித்தது அந்த இடம்தான். பழைய கபாலில் எல்லா ப்ராஜெக்டுக்கும் லைப்ரரிகள் பொதுவாக ஒரே இடத்தில் இருந்தன. ஒன்றுக்காக மாற்றி நிறுவினால் இன்னொன்று உடைந்தது. 'கபால் நரகம்' என்றே பெயர் வைத்தார்கள். பதிப்பு எண்களோடு மாலை முழுக்க மல்லுக்கட்டிவிட்டு, ஒரு வரியும் எழுதாமல் எழுந்து போனவர்களை நான் அறிவேன்.

சேர்ந்து கம்பைல் ஆகும் என்று சோதித்த பதிப்புகளைத் தொகுப்பாகத் தந்தது ஸ்டாக்கேஜ். அதை நம்பி 2015இல் ஸ்டாக் வந்தது. நிக்ஸ் இன்னும் ஆழமாகப் போனது. கம்பைலரும் லைப்ரரியும் நிரலும் உள்ளீடு, பேக்கேஜ் என்பது அவற்றிலிருந்து பிறக்கும் விடை என்றார் அதை உருவாக்கிய ஈல்கோ டோல்ஸ்ட்ரா, 2006இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்குத் தந்த ஆய்வேட்டில். எனக்கு மிகவும் பிடித்த எண்ணம் அது. கபாலும் அந்த வழிக்கு வந்து, 2019இல் 3.0 பதிப்பில் அதையே வழக்கமாக்கிக்கொண்டது.

ஆகவே கபாலோ ஸ்டாக்கோ, இன்று எதை எடுத்தாலும் பழுதில்லை. கபால் என்றால் ஃப்ரீஸ் கோப்பையும், ஸ்டாக் என்றால் லாக் கோப்பையும் கிட்டில் சேருங்கள். ஃப்ரீஸ் கோப்பு கம்பைலரைப் பிடித்து வைக்காது. அதன் பதிப்பைத் தனியே எழுதி வையுங்கள். சி லைப்ரரிகள் கலந்த பெரிய வேலைக்கு நிக்ஸ் பட்ட பாட்டுக்குப் பலன் தரும். ஆனால் குழுவில் ஒருவருக்கு மட்டுமே அது தெரியும் என்றால் வேண்டாம். அவர் விடுப்பில் போன நாளில் மற்றவர்கள் கைகட்டி நிற்க நேரும்.

கருவியைத் தேர்ந்தெடுத்த கையோடு, குழுவுக்குப் புதிதாக வந்தவரிடம் ஒன்றும் நிறுவாத கணினியைக் கொடுத்து, ரீட்மீயை மட்டும் பார்த்து பில்ட் செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து உதவாதீர்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ, அதை அன்றைக்கே எழுதிச் சேருங்கள்.