வண்டியின் மூச்சு

மனிதன் எவ்வாறு மூச்சு விடுகின்றானோ அவ்வாறே மோட்டார் வண்டியும் மூச்சு விடுகின்றது. இதனை உவமை அழகுக்காகக் கூறுகின்றேன் என்று அன்பர்கள் எண்ணிவிடலாகாது. ஒரு லிட்டர் பெட்ரோல் முற்றிலும் எரிந்து தீரவேண்டுமாயின் அதற்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். பெட்ரோலுக்குக் காசு கொடுக்கின்றோம். ஆகையால் அதனை மறப்பதில்லை. காற்றுக்கு எவரும் காசு கேட்பதில்லை. ஆகையால் அஃது எவ்வழியே வண்டிக்குள் புகுகின்றது என்று நாமும் கேட்பதில்லை. நானும் நெடுநாள் கேளாதவனாகவே இருந்தேன். கேட்கத் தொடங்கிய பிறகு நேர்ந்ததையே இங்கு எழுதுகின்றேன்.

கிள்ளானுக்கு வடக்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணி வேலை பார்க்கின்றேன். என்னிடம் இருப்பது 1,300 சி.சி. கொள்ளளவுள்ள பழைய கார். எங்கள் தோட்டத்து லயத்தில் பிறந்து, இப்போது போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் வேலைக்குப் போகும் இளைஞன் ஒருவன் உண்டு. என்னை அண்ணே என்று அழைப்பான். எனக்கும் உடன்பிறவாத தம்பிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தன் காரை என் வாசலில் நிறுத்தி, மூடியைத் திறந்து காட்டினான். இஞ்சினுக்குக் காற்றை வடித்துக் கொடுக்கும் கறுப்புப் பெட்டியைக் காணோம். அது இருந்த இடத்தில் காளான் போல் குவிந்த சிவப்பு நிற வடிகட்டி ஒன்று திறந்த மேனியாய் நின்றது.

“கேளுங்கள் அண்ணே” என்று சொல்லி ஆக்ஸிலேட்டரை மிதித்தான். அதுவரை தும்மல் போல் ஒலித்த வண்டி உறுமிற்று. அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை.

மறுவாரமே 160 வெள்ளி கொடுத்து அதே போன்ற வடிகட்டியொன்று வாங்கினேன். அதனோடு வந்த ஆங்கிலக் குறிப்பைப் படித்தறிவதில் எனக்குச் சிரமமில்லை. ஆங்கிலப் பள்ளியில் படித்தவனல்லவா! இருவருமாக ஒரு மாலைப் பொழுதில் வேலையை முடித்தோம். பெட்டியைக் கழற்றும்போது அதன் பக்கவாட்டில் காலியான ஒரு சிறு குடுவை ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை, ஒரு வாய் மாத்திரமே உண்டு. “இது எதற்கு அண்ணே? வெறும் டப்பா!” என்று அவன் வீசி எறிந்தான். நானும் சிரித்தேன். அந்த வெறும் டப்பாவின் பெயர் ரெசனேட்டர் என்பதனையும், அது வெறுமையாயிருப்பதே அதன் வேலை என்பதனையும் பிற்பாடுதான் அறிந்தேன். காலிப் புட்டியின் வாயில் ஊதினால் ஒரே ஒரு சுருதி எழுமல்லவா? அதற்கு அடிப்படையான ஒலித் தத்துவத்தை ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 19ஆம் நூற்றாண்டிலேயே விளக்கியிருக்கின்றார். காற்று உள்ளே பாயும்போது எழும் இரைச்சலில் குறிப்பிட்ட ஒரு சுருதியை அந்தக் குடுவை விழுங்கிவிடும். ஆகவே அன்று எங்கள் வண்டிகள் பெற்ற உறுமல் புதிதாக வந்த வலிமையன்று; முன்னமே இருந்த சத்தத்தின் வாயை மூடியிருந்த கையை நாங்கள் எடுத்துவிட்டோம்; அவ்வளவே.

வண்டிக்குக் காற்று வரும் வழியை மாற்றியமைப்பது நம்மவருக்குப் புதிய காரியமன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது சென்னை மாகாணத்து பஸ்களுக்குப் பின்னால் கரி அடுப்பு கட்டித் தொங்கவிட்டு, அதில் எழும் வாயுவைக் குழாய் வழியே இஞ்சினுக்குக் கொண்டுவந்து காற்றோடு கலந்து ஓட்டினார்கள். மலாயாவிலும் ஜப்பானியர் காலத்தில் கரி லாரிகள் ஓடின. அவற்றின் வலிமை பெட்ரோலில் ஓடியதைவிட வெகுவாகக் குறைந்தது. மேட்டில் பிரயாணிகள் இறங்கித் தள்ளவேண்டும், அடுப்பைக் கிளறவேண்டும், அந்த வாயுவைச் சுவாசித்தவன் மடியவும் கூடும். ஆயினும் அது தேவையின் பொருட்டுச் செய்த காரியம். எங்களுக்கு என்ன தேவை இருந்தது?

இக்கேள்விக்கு உண்மையான விடையை அன்று மாலையே கண்டேன், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. வடிகட்டியைப் பூட்டி முடித்ததும் நாங்கள் இருவரும் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கே போனோம்? மானேஜர் பங்களாவைச் சுற்றி வரும் பாதையில்தான் போனோம். அப்பாதையில் எங்களுக்கு ஒரு ஜோலியும் இல்லை.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் அவர்களின் தலைமையில் நடந்த வேலைநிறுத்தத்தை அன்பர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி வேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பன போன்ற கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது. வெள்ளைக்காரத் துரையோ, ஆசியச் சிப்பந்தியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பதே அது. நாதன் அவ்வாண்டிலேயே நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். என் தாயைப் பெற்ற பாட்டனார் அக்காலத்தில் இருபது வயது வாலிபர். ஒரு சைக்கிள் வைத்திருந்தார். அதற்கு மணி வைக்கவில்லையாம். கூலிக்காரன் மணி அடித்தால் திமிர் என்பார்கள் என்று அம்மா சொல்வார்கள்.

ஆசியச் சிப்பந்தி என்று நான் மேலே எழுதியது யாரை? கிராணியை. அந்தப் பாட்டனாரின் பேரன் இப்போது கிராணி நாற்காலியில் அமர்ந்திருக்கின்றான். அவனே, உறுமும் காரை எடுத்துக்கொண்டு பங்களாவைச் சுற்றுகின்றான்! இதில் சிரிப்பதற்கும் இடமுண்டு, சிரிக்காமலிருப்பதற்கும் இடமுண்டு.

நிற்க, சத்தத்திற்கு வருவோம். கிராணியின் புத்தி கணக்கில்தான் ஓடும். பெட்ரோல் இத்தனை லிட்டர், ஓடியது இத்தனை கிலோமீட்டர் என்று இரண்டு மாதம் செக்ரோல் போல எழுதி வந்தேன். முன்பு லிட்டருக்கு 13 கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது பன்னிரண்டரைதான் ஓடிற்று. மேட்டிலும் முன்போலவே திணறிற்று. சந்தேகம் பிறந்தது. இறைச்சியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றைக் கிள்ளான் கடையொன்றில் வாங்கி, அதன் கம்பியை வடிகட்டியின் வாயருகே கட்டினேன். அன்று பிரிக்பீல்ட்ஸுக்குப் போகும் வேலை இருந்தது. பெடரல் நெடுஞ்சாலையில் வண்டிகள் எறும்பு போல் ஊர்ந்துகொண்டிருந்தன. வெளியே 33 டிகிரி. என் இஞ்சின் சுவாசித்த காற்றோ 61 டிகிரி!

காற்று சூடேறினால் விரியும். விரிந்தால் ஒரே அளவுள்ள இடத்தில் குறைந்த காற்றே அடங்கும். 33க்கும் 61க்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு எட்டுப் பங்கு காற்றை இழப்பதாகும். தொழிற்சாலையார் வைத்த பெட்டியின் மூக்கு இஞ்சின் சூட்டுக்கு எட்டாமல் வெளிக்காற்றைத் தேடி நீண்டிருந்தது. நாங்கள் அந்த மூக்கை அறுத்தெறிந்துவிட்டு, அடுப்பங்கரையில் தலையை நீட்டிச் சுவாசிக்கும்படி வண்டியைப் பழக்கியிருந்தோம்.

இன்னொன்றும் படித்தறிந்தேன். ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது காற்றைத் தடுப்பது வடிகட்டியன்று. நம் காலடியில் உள்ள ஆக்ஸிலேட்டர் அசைக்கும் தகட்டுக் கதவுதான். அது முக்காலும் மூடிக்கொண்டிருக்கையில் வடிகட்டியை எவ்வளவு அகலமாக்கி என்ன? வாசற்கதவைச் சாத்திவிட்டுத் தெருவை அகலப்படுத்தியவன் கதைதான்.

இவ்வளவும் தெரிந்த பிறகு பழைய பெட்டியை மாட்டியிருக்கவேண்டும். ஆனால் அதனை எப்போதோ பழைய இரும்போடு போட்டுவிட்டேன். மேலும், சத்தம் போய்விடுமே! ஆகையால் அரைகுறையாய்ப் படித்தவன் செய்வதையே செய்தேன். வளையும் குழாய் ஒன்றை வாங்கி, வடிகட்டியை இஞ்சினுக்கு வெளியே, முன் பம்பருக்குப் பின்னால் தாழ்வாகக் கொண்டுபோய் வைத்தேன். வெப்பமானி 36 காட்டியது. அதனைக் கண்ட அன்று எனக்குண்டான பெருமையை என்னென்பேன்! தோட்டத்துச் செம்மண் தூசி இரண்டே வாரத்தில் அந்த வடிகட்டியை அப்பிக்கொண்டது. தட்டித் தட்டிக் கழுவினேன்.

என் வண்டியைப் பல வருஷங்களாகப் பார்த்துவரும் பெரியவர் ஒருவர் கிள்ளானில் பட்டறை வைத்திருக்கின்றார். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் மாத்திரம் படித்தவர். குனிந்து பார்த்துவிட்டு, “கிராணியாரே, வாயைத் தரைக்கு ஓர் அடி உயரத்தில் வைத்திருக்கிறீர்கள். மழைக்காலத்தில் தண்ணீர் குடிக்குமே!” என்றார். நான் ஆங்கிலத்தில் படித்த வெப்பக் கணக்கை அவருக்கு எடுத்துரைத்தேன். அவர் தலையை அசைத்துவிட்டு வேறு வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

2021ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. சனிக்கிழமையன்று கிள்ளான் பள்ளத்தாக்கு பட்ட பாட்டை நான் விவரிக்கவேண்டியதில்லை. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் ஜனங்கள் மேல்மாடியிலும் கூரையிலும் ஏறி நின்றதை நாடே கண்டது. அன்று என் அம்மா கிள்ளானில் தாழ்வான பகுதியில் உள்ள தங்கை வீட்டில் இருந்தார்கள். போய் அழைத்துக்கொண்டு திரும்பினேன். சாலையில் தண்ணீர் முழங்காலுக்கும் கீழேதான் நின்றது. எனக்கு முன்னும் பின்னும் அதே போன்ற சிறிய கார்கள் மெல்ல மெல்லக் கடந்து போயின. என் வண்டி மாத்திரம் நடுச்சாலையில் ஒரு விக்கல் விக்கி நின்றது.

அப்போதாவது சும்மா இருந்தேனா? சாவியைத் திருப்பினேன். ‘தட்’ என்று ஓர் ஓசை. மறுபடியும் திருப்பினேன்.

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. என் இஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை உள்ளிழுத்து ஏறக்குறைய 36 மில்லிலிட்டர் இடத்தில் ஒடுக்குகின்றது. கோவிலில் நாலைந்து முறை கை நீட்டி வாங்கும் தீர்த்தத்தின் அளவே அது. அதற்கு மேல் தண்ணீர் புகுந்துவிட்டால் பிஸ்டன் மேலே ஏற வழியில்லை. கீழிருந்து தள்ளும் கனெக்டிங் ராடுதான் வளையும். வளைந்தது.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அம்மாவைத் தாங்கிப் பிடித்து, பிரதான சாலை வரையில் அரை மணி நேரம் அழுக்கு வெள்ளத்தில் நடத்திச் சென்றேன். அங்கிருந்து முகமறியாத லாரிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டார். அம்மாவுக்கு இனிப்பு நீர் வியாதி உண்டு. வெள்ளத்தில் எதுவோ காலில் கீறியது அவர்களுக்கே தெரியவில்லை. மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்து, இடக்காலின் சிறுவிரலை இழந்து வீடு திரும்பினார்கள். இஞ்சினைப் பிரித்துச் செப்பனிட 4,200 வெள்ளி ஆயிற்று. இரண்டையும் ஒரே மூச்சில் எழுதுவது கிராணியின் வழக்கம், பொறுத்தருள்க.

அண்டை வீட்டுப் பெரியவர் வந்து, புது வண்டிச் சாமானுக்குப் பூசை போட்டு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியிருந்தால் இந்தக் கண்டம் வந்திராது என்றார். முன்பானால் அவரோடு ஒரு மணி நேரம் வாதாடியிருப்பேன். அன்று வாய் எழவில்லை. எலுமிச்சம்பழத்தை நம்புகிறவர் அதனைச் சக்கரத்துக்கு அடியில் வைக்கின்றார். நான் எனது எலுமிச்சம்பழத்தைப் பம்பருக்குள் வைத்து, அதன் பக்கத்தில் வெப்பமானியையும் கட்டியிருந்தேன். கேட்ட கேள்விக்கு வெப்பமானி உண்மையான பதிலைத்தான் சொல்லிற்று. கேளாத கேள்வியைப் பட்டறைப் பெரியவர் கேட்டார். அவர் ஆங்கிலத்தில் கேட்கவில்லை.

மருத்துவமனையில் ஒரு நாள் அம்மாவிடம் இவையனைத்தையும் சொல்லி, பழைய பெட்டி ஒன்றைத் தேடி வாங்கி மாட்டப்போகின்றேன் என்றேன். அவர்கள் சற்று நேரம் பேசாமலிருந்தார்கள். பிறகு, “மாட்டு ஐயா. ஆனால் அந்தச் சத்தம் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது” என்றார்கள்.

பழைய கார்ச் சாமான் கடையில் 60 வெள்ளிக்குப் பெட்டி கிடைத்தது. குடுவையும் அதனோடு இருந்தது. வண்டி இப்போது பழையபடி தும்முகின்றது.

தம்பியின் கார் இன்னும் உறுமிக்கொண்டுதான் இருக்கின்றது. சில நாட்களுக்கு முன் அவனே வந்து வெப்பமானியை இரவல் கேட்டான். கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தந்தபோது, 58 வரை போகின்றது என்றான். பெட்டியை என்ன செய்தாய் என்று கேட்டேன். வீட்டில் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றதாம். “மாட்டிவிடலாம் அண்ணே, அதொன்றும் பெரிய வேலையில்லை. ஆனால் மாட்டிவிட்டால், லயத்துக்குள் நான் வருவது யாருக்குத் தெரியும்?” என்றான்.

எனக்குப் பதில் தோன்றவில்லை. வெப்பமானியை வாங்கி மேசை டிராயரில் வைத்தேன்.