வேலிக்கு எந்த மூங்கில்?

ஜார்ஜியா மாநிலத்துச் சவான்னா நகரிலிருந்து தென்மேற்கே, 17ஆம் எண் நெடுஞ்சாலை ஓரம் ஒரு மூங்கில் தோப்பு. மே மாதக் கடைசி. காலை ஒன்பது மணிக்கே சட்டை முதுகில் ஒட்டுகிறது. கடலும் உப்புச் சதுப்பும் பக்கத்திலேயே இருப்பதால் காற்றில் ஈரம் தணிவதே இல்லை. தோப்புக்குள் கால் வைத்ததும் வெளிச்சம் பச்சையாகிவிடுகிறது. உச்சியில் கழிகள் உரசிக்கொள்ளும் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்கிறது. கொசு நிறைய.

ஒவ்வொரு கழியும் தனித்தனியே நிற்கிறது. தமிழ்நாட்டில் மூங்கில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் படுவது இதுதான். நம் மலைகளில் முள் மூங்கிலும் கல் மூங்கிலும் குத்துக் குத்தாக எழும்பி நிற்கும். நடுவில் கை நுழைக்க இடம் கிடைக்காது. இங்கே கழிக்கும் கழிக்கும் இடையில் ஆள் தாராளமாக நடந்து போகலாம். மணமக்களை வாழ்த்தும்போது நாம் அருகை வேரோடுவதற்கும் மூங்கிலைச் சுற்றம் சூழ்வதற்கும் சொல்வோம். இந்த மூங்கிலில் அந்த இரண்டு குணமும் ஒன்றாக இருக்கின்றன. மண்ணுக்கடியில் தண்டு ஓடுகிறது. அதில் கணுவுக்குக் கணு ஒரு மொட்டு. ஒரு மொட்டு மேலே கிளம்பிக் கழியாகும். இன்னொன்று பக்கவாட்டில் புறப்பட்டு அடுத்த ஓட்டத்தைத் தொடங்கும். பல மொட்டுகள் சும்மா காத்திருக்கும்.

இந்தத் தோப்பே அப்படி வந்ததுதான். 1890 வாக்கில் மில்லர் என்ற அம்மையார் தன் பண்ணையில் ஜப்பானிய மடாக்கே மூங்கிலின் சில கன்றுகளை நட்டார். அவை ஓடி ஓடித் தோப்பாயின. அமெரிக்க வேளாண் துறைக்காக உலகமெங்கும் செடி தேடி அலைந்த டேவிட் ஃபேர்சைல்டு இதைப் பார்த்து, அழிந்துவிடக் கூடாதே என்று தன் நண்பர் பார்பர் லாத்ராப்பிடம் சொன்னார். 1919இல் லாத்ராப் 46 ஏக்கரை வாங்கி அரசின் ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். இப்போது ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் தாவரத் தோட்டம். எடிசன் தன் விளக்குக்குள் எரியவிட்ட மூங்கில் இழையும் கியோத்தோவுக்குப் பக்கத்திலிருந்து போன இதே மடாக்கேதான்.

நிழலில் கிடக்கும் பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கணவனும் மனைவியும் வருகிறார்கள். கூடவே கையுறை போட்ட முதியவர் ஒருவர், தோளில் கூரான நீள மண்வெட்டி. அந்த இருவரும் கடற்கரைப் பக்கம் புது வீட்டுக்குக் குடிவந்தவர்கள் என்பது பேச்சிலிருந்து தெரிகிறது. பக்கத்து மனையின் மாடி ஜன்னல் இவர்கள் முற்றத்தைப் பார்த்தபடி இருக்கிறது. அதற்கு ஒரு மறைப்பு வேண்டும். நாற்றங்காலில் தொட்டிக் கன்று வாங்குவதற்கு முன் வளர்ந்த மூங்கிலைப் பார்த்துவிடலாம் என்று வந்திருக்கிறார்கள்.

“எது சீக்கிரம் வளரும்?” கணவர் கேட்கிறார்.

“எல்லாமே சீக்கிரம் வளரும்,” என்கிறார் முதியவர். “வேலிக்கு அந்தப் பக்கம் உங்கள் நிலமா?”

இல்லை என்று தலையசைக்கிறார் கணவர். முதியவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, நடக்கத் தொடங்குகிறார்.

முதலில் நிற்பது தங்க மூங்கிலின் முன். அடிக்கணுக்கள் நெருங்கி, கோணலாக ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருக்கின்றன. தூண்டில் கழிக்கும் வேலிக்கும் ஆசைப்பட்டு இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த மூங்கில். 1882இல் அலபாமாவுக்கு வந்தது. வெயில், புழுக்கம், மட்டமான மண், எதையும் தாங்கும். அதனாலேயே தெற்கு மாநிலங்கள் முழுக்கக் கைவிட்ட பண்ணைகளிலும் ஓடைக் கரைகளிலும் பரவி, ஆக்கிரமிப்புச் செடிகளின் பட்டியலில் ஏறிவிட்டது. விலை குறைவு, எங்கும் கிடைக்கும், எப்படி நட்டாலும் பிழைக்கும். தோட்டக்காரர்கள் நல்லது என்று சொல்லும் இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் இத்தனை கேடு. வெப்பமும் ஈரமும் உள்ள ஊரில் பிழைக்குமா என்ற கேள்வியை இந்த மூங்கிலிடம் கேட்கவே வேண்டாம். அதை எங்கே நிறுத்தப் போகிறோம் என்று மட்டும் யோசித்தால் போதும்.

மனைவியின் கண் கறுப்பு மூங்கில் மேல் விழுகிறது. விழாமல் இருக்காது. மை தீட்டியதுபோல் மின்னும் கழிகளின் நடுவே இந்த வருடத்துக் கழி மட்டும் பச்சையாக நிற்கிறது. இரண்டு மூன்று வருடத்தில் அதுவும் கறுக்கும். அவர் ஒரு கழியைப் பிடித்து விரலை மேலிருந்து கீழே ஓட்டுகிறார். விரல் ஒரு பள்ளத்தில் இறங்குகிறது. அங்கேயே நிறுத்தச் சொல்கிறார் முதியவர். கிளை பிரியும் பக்கத்தில் கழி இப்படிக் குழிந்திருக்கும். கணுவுக்கு இரண்டு கிளை, ஒன்று தடி, ஒன்று மெலிவு. இந்த அடையாளம் இருந்தால் பில்லோஸ்டாகிஸ் பேரினம். கடையில் என்ன பெயர்ச்சீட்டு கட்டியிருந்தாலும் அது ஓடும். கறுப்பு மூங்கிலுக்கு இந்த ஊரின் பிற்பகல் வெயில் ஆகாது. இலை சுருண்டுவிடும். கிழக்கு வெயிலும் மாலை நிழலும் உள்ள மூலை கிடைத்தால் நன்றாக வரும். அவர்கள் வேலி மேற்குப் பார்த்தது. மனைவி கையை எடுத்துக்கொள்கிறார்.

மற்றவை வேகமாகக் கடந்து போகின்றன. சீனத்தின் மோசோ: புதுக்கழியில் வெல்வெட் போல மென்மயிர், கணுவுக்குக் கீழே வெண்பொடி வளையம். அழகுக்குக் குறைவில்லை, ஆனால் சின்னக் கன்றிலிருந்து ஊன்றிக்கொள்ள வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊன்றிய பிறகோ வீட்டு முற்றம் போதாது. விவாக்ஸ்: கழி பருமனாக இருக்கும், சுவர் மெல்லியது, புயல் வரும் கடற்கரையில் அதை நட வேண்டாம் என்கிறார் முதியவர். ஜப்பானிய அம்பு மூங்கில்: இரண்டு ஆள் உயரம், பெரிய இலை, உப்புக் காற்றையும் நிழலையும் தாங்கும்; ஓடும் வேகமும் குறைவு. கணவர் இதைக் கைபேசியில் குறித்துக்கொள்கிறார். பத்திரிகையில் பார்த்த ஃபார்கேசியா பற்றி மனைவி கேட்கிறார். குத்தாக நிற்குமாமே, ஓடாதாமே? உண்மைதான். ஆனால் அது குளிர் மலையில் பிறந்தது, சவான்னாவின் கோடை இரவுகளைத் தாங்காது.

தோப்பின் ஓரத்தில் ஒரு கால்வாய். முழங்கால் ஆழம். அதற்காகத்தான் மண்வெட்டியைத் தூக்கி வந்திருக்கிறார் முதியவர். பக்கவாட்டு மண்ணை இரண்டு கொத்து கொத்துகிறார். மஞ்சள் வெள்ளையில் ஒரு தண்டு வெளியே தெரிகிறது. பெருவிரல் பருமன், ஒரு அங்குலத்துக்கு ஒரு கணு, கணுவைச் சுற்றிச் சல்லி வேர். நுனியில் உறைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி ஈட்டிபோல் கூராகியிருக்கின்றன. அது கால்வாய்க்குள் தலையை நீட்டி, மண் கிடைக்காமல் வெற்றிடத்தில் நிற்கிறது. ஒரே வெட்டு. துண்டை மனைவியின் கையில் கொடுக்கிறார். எடைதான் அவருக்கு ஆச்சரியம்.

பெரும்பாலான ஓட்டம் மேல்மண்ணில், ஒன்றரை அடிக்குள்ளேயே நடக்கிறது. வசந்தத்தில் முளை மேலே வரும். இரண்டு மாதத்துக்குள் முழு உயரத்தை எட்டிவிடும், அதன்பின் ஒரு விரல்கூட உயராது, பருக்காது. மடாக்கே கழி ஒரே நாளில் ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்ததாக ஜப்பானில் பதிவு உண்டு. எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது இந்த இரண்டு மாதத்தை. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் மூங்கில் மண்ணுக்குள் நடக்கிறது. அப்போது யாரும் குனிந்து பார்ப்பதில்லை. தடுப்பு போடலாம்: ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் தகடு, 30 அங்குல ஆழம், மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் தெரிய வேண்டும், மேல்விளிம்பு வெளிப்பக்கம் சற்றுச் சாய வேண்டும். அப்போதுதான் முட்டிய தண்டு கீழே புகாமல் மேலேறி வரும். தடுப்பு போட்டவரும் வருடா வருடம் அந்த விளிம்பைச் சுற்றி நடந்து, தாண்டி வந்ததை வெட்ட வேண்டும். இந்த நடைக்கு நேரமில்லாதவர் ஓடும் மூங்கில் நடக் கூடாது என்பது என் திடமான எண்ணம். வடக்கே கனெக்டிகட் மாநிலம் 2013இல் சட்டமே போட்டிருக்கிறது: பக்கத்து நிலத்தில் புகுந்த மூங்கிலுக்கு நட்டவரே பொறுப்பு.

“வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தாழ்வு,” என்கிறார் மனைவி. “மழை பெய்தால் நான்கைந்து நாள் தண்ணீர் நிற்கும்.”

முதியவரின் முகம் இப்போதுதான் மலர்கிறது. சற்றுத் தள்ளி, ஈரம் பரவிய ஒரு பள்ளத்தை நோக்கி நடக்கிறார். அங்கே ஆள் உயரத்துக்குச் சற்று மேலே மெல்லிய கழிகள். யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். அதன் மண்ணடித் தண்டு ஒன்றை வெட்டி, கத்தியால் குறுக்கே சீவி, வெட்டுவாயை வெளிச்சத்தில் காட்டுகிறார். ஓரத்தைச் சுற்றி வட்டமாக ஊசித்துளைகள். காற்று போகும் குழாய்கள். மற்ற ஓடும் மூங்கில்கள் பலவும் தேங்கிய நீரில் மூச்சு முட்டி அழுகும். இது மேலிருந்து காற்றை இறக்கிக்கொண்டு சேற்றுக்குள் பிழைத்திருக்கும். சீனத்து மூங்கில்களிலும் சிலவற்றுக்கு இந்த ஏற்பாடு உண்டு. கையில் இருப்பது இந்த மண்ணிலேயே பிறந்த சுவிட்ச் கேன். இதன் பெரிய உறவு ஆற்று மூங்கில், ரிவர் கேன். புழுக்கத்துக்குப் பொருத்தமான வகை எது என்று உலகமெல்லாம் தேடுகிறவர்கள் கடைசியில்தான் இதைக் கேட்கிறார்கள்.

ஒரு காலத்தில் தெற்கின் ஆற்றங்கரைகளில் அந்த ஆற்று மூங்கில் மைல் கணக்கில் காடாக நின்றது. செரோக்கி, சோக்டா, சிட்டிமாச்சா பெண்கள் அதைப் பிளந்து, சாயமேற்றி, இரட்டைப் பின்னலில் தண்ணீர்கூட ஒழுகாத கூடை முடைந்தார்கள். உழவும் மாடும் தீயைக் கையாளத் தெரியாத புதுக் குடியேற்றமும் சேர்ந்து 98 சதவீதத்துக்கு மேல் அழித்துவிட்டன. மூங்கில் புதரை நம்பியிருந்ததாகக் கருதப்படும் பாக்மன் கதிர்க்குருவி, சவான்னாவிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் உள்ள சார்ல்ஸ்டனில் 1832இல் கண்டெடுக்கப்பட்ட பறவை, அற்றுப்போனதாக 2023இல் அரசே அறிவித்தது. ஓடுவது குற்றமாகிவிட்ட ஒரு செடிக் குடும்பத்தில், ஓட இடம் கொடுக்க வேண்டியது இந்த மண்ணின் மூங்கிலுக்கு மட்டும்தான். நட ஆள் இல்லையே என்று எனக்கு நெஞ்சு கனக்கிறது.

கணவருக்கு உயரம் போதவில்லை. மாடி ஜன்னலை இது மறைக்காது. முதியவர் மறுக்கவில்லை, சுவிட்ச் கேன் அவ்வளவுதான் வளரும் என்கிறார். மறைப்புக்கு அம்பு மூங்கில், அதுவும் தடுப்புக்குள். அல்லது ஓடாத மூங்கிலாக, இந்த வெப்பத்துக்கு ஏற்ற பாம்பூசா வகை ஒன்று. குளிர் கடுத்தால் கொஞ்சம் இலை கருகும், பக்கத்து வீட்டுக்குப் போகாது. பேச்சு நீள்கிறது. மனைவி தள்ளிப் போய்க் கால்வாய்க்கும் கடைசிக் கழிக்கும் நடுவே எட்டு வைத்து அளக்கிறார், தன் முற்றத்தின் அகலத்தை மனதில் வைத்துக்கொண்டு. அளந்து வந்தவர் கணவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்கிறார். அவர் கைபேசியில் குறித்ததை அழிக்கிறார்.

வண்டியில் ஏறும்முன் முடிவாகிவிடுகிறது. பின்பக்கத் தாழ்வுக்குச் சுவிட்ச் கேன் கன்றுகள், இந்த மாரிக்கே. பக்க வேலிக்கு முதலில் அடுத்த வீட்டுக்காரரிடம் பேச்சு. அவர் சரி என்றால் அக்டோபரில் பள்ளம் தோண்டி, தகடு இறக்கி, அதற்குப் பிறகே மூங்கில்.