நடுவர் இல்லாத மேசை

விளையாட்டு விதிகள் மாறாதவை அல்ல. ஆடுவோர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடுகளே அவை. மேசைப்பந்தாட்டத்தின் புள்ளிக்கணக்கு இதற்குத் தக்க சான்றாகும்.

1936ஆம் ஆண்டு பிராகு நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில் போலந்து வீரர் எர்லிக்கும் ருமேனிய வீரர் பானெத்தும் எதிரெதிரே நின்றனர். தவறாமல் ஆடினால் போதும் என்று இருவரும் பந்தை வலைக்கு மேலே மெல்லத் தள்ளிக்கொண்டே இருந்தனர். முதற்புள்ளி முடிவதற்கே இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று! இத்தகைய ஆட்டங்களே காலவரையறை விதிகளுக்கு வழிவகுத்தன. இன்று பத்து நிமிடம் கடந்தும் இருவர் புள்ளிகளும் சேர்ந்து 18ஐ எட்டாவிடில் விரைவுமுறை நடைமுறைக்கு வரும். அதன்பின், எதிராளி 13 முறை பந்தைச் சரியாகத் திருப்பி அடித்துவிட்டால் புள்ளி அவருக்கே உரியது.

நெடுங்காலம் 21 புள்ளிகளாக இருந்த ஆட்டம் 2001ஆம் ஆண்டு செப்டம்பரில் 11 ஆகக் குறைந்தது. தொடர்ந்து ஐந்து முறை பந்தைத் தொடங்கியவர் இப்போது இரண்டு முறையே தொடங்குகிறார். இருவரும் பத்துக்குப் பத்து என நின்றால், ஒவ்வொரு புள்ளிக்கும் தொடங்குபவர் மாறுவார். இரண்டு புள்ளிகள் முந்துபவரே வெல்வார்.

பொழுதுபோக்காக ஆடுவோருள் மூத்தோர் சிலர் இன்றும் 21 வரை எண்ணுகின்றனர். அதில் பிழையில்லை, முதற்பந்துக்கு முன்பே பேசி முடிவு செய்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் தொடங்குபவர் தம் புள்ளியை முதலிலும் எதிராளியின் புள்ளியை அடுத்தும் உரக்கச் சொன்னால், பாதிப் பூசல்கள் எழவே மாட்டா.

எஞ்சிய பாதி, மேசையின் விளிம்பில் இருக்கிறது. மேல்விளிம்பைத் தொட்ட பந்து செல்லும்; பக்கவாட்டைத் தொட்டது செல்லாது. கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழும் இவ்வேறுபாட்டை அருகில் நிற்பவரே நன்கு அறிவார். உண்மையைச் சொன்னால் புள்ளியை இழப்பவரும் பெரும்பாலும் அவரே. போட்டிகளில் அச்சுமையை நடுவர் ஏற்கிறார். கூடத்து மூலையில் கிடக்கும் பழைய மேசைக்கு நடுவர் ஏது? அங்கே, "பந்து விளிம்பில் பட்டது, புள்ளி உங்களுக்கே" என்று ஒருவர் தாமே முன்வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இருவருக்கும் ஐயமெனில் அப்புள்ளியை மீண்டும் ஆடுவதே நல்வழக்கம்.

பதினோராவது புள்ளியை யார் பெற்றார் என்பது மறுநாளே மறந்துபோகும். ஆனால், பத்துக்குப் பத்து என்ற நிலையிலும் விளிம்பில் பட்டதை ஒப்புக்கொண்டவரோடு மீண்டும் ஆட எவரும் விரும்புவர்.